புகை பார்க்க வந்தவர்

அவர் எந்த வீட்டுக்குள் போனாலும் முதலில் கதவைத் திறப்பார். திறந்திருந்தால் இன்னும் அகலமாகத் திறப்பார். அடுத்தது யன்னல். வீட்டுக்காரரிடம் கேட்கமாட்டார். கேட்க வேண்டும் என்ற நினைப்பே அவருக்கு வராது. எங்கள் வீட்டுக்கு முதல் நாள் வந்தபோது அம்மா "இருங்கோ அண்ணை" என்று கதிரையை இழுத்துப் போட்டார். அவர் கதிரையைத் தாண்டிப் போய் முன் அறை யன்னல் இரண்டையும் தள்ளித் திறந்தார். சாமி படத்துக்கு முன்னால் எரிந்த விளக்கு அணைந்துவிட்டது. அம்மாவின் முகம் மாறியது. வந்தவர் விளக்கைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார்.

"காத்து எங்காலை வருகுதெண்டு தெரிஞ்சிட்டுது. இனிக் குசினியைக் காட்டுங்கோ" என்றார்.

எங்கள் ஊர் நீர்வேலியில் அவரைக் காத்துக்காரர் என்பார்கள். சொந்த இடம் தொண்டைமானாறு. முந்திக் கடலோடியவர். பிறகு கரைக்கு வந்து மேசன் வேலை பழகினார். அதிலும் வீடு கட்டப் போகமாட்டார். புகைக்கிற குசினிகளை, அடுப்படிகளை, தேடிப் போய்ப் புகைக்கூடு திருத்துவதுதான் அவருடைய வேலை. மற்ற மேசன்மாரைக் கேட்டால் கூட்டை உயர்த்திக் கட்டு என்பார்கள். இவர் டொக்டர் மாதிரிக் கேள்வி கேட்பார்.

"சோளகத்துக்குப் புகையிறதோ, வாடைக்கோ?"

"எல்லாக் காத்துக்கும்தான் அண்ணை."

"விடியக் கூடவோ, பின்னேரமோ?"

"நான் குசினிக்குள்ளை நிக்கிற நேரமெல்லாம் கூடத்தான்" என்றார் அம்மா. சொல்லிவிட்டுச் சிரிக்கப் போய் இருமத் தொடங்கினார். காத்துக்காரர் அந்த இருமல் முடியும் வரைக்கும் நின்று கேட்டார். எங்கள் வீட்டில் ஒருவரும் அப்படி நின்று கேட்பதில்லை. எங்களுக்குப் பழகிவிட்டது.

அம்மாவுக்குத் தொய்வு. மூச்சை இழுத்து இழுத்துத்தான் விடவேண்டும். அதனால் பெண்பிள்ளையான நான் ஆறாம் வகுப்போடு நின்று அடுப்படிக்கு வந்தேன். ஆனால் அம்மா என்னை அடுப்போடு தனியே விடமாட்டார். உப்புப் பார்க்கிறேன், புளி பார்க்கிறேன் என்று உள்ளே வருவார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெளியே போவார், திரும்பவும் வருவார். மிளகாய் நல்ல விலை போன காலத்தில் ஐயா, என் தகப்பன், கட்டிய குசினி அது. புகைக்கூடு ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரியும். புகை மட்டும் அதால் போகாது.

அவர் ஏணி வைத்து ஏறிக் கூட்டுக்குள் கையை விட்டு ஒரு அணில் கூட்டை எடுத்துப் போட்டார். கூட்டின் தோளில் கரியும் சுண்ணாம்பும் பூசி ஒரு பானை கட்டியிருந்தது. கண்ணூறு என்று ஐயா கட்டியது. அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உது நிக்கட்டும். இதாலை நட்டமில்லை" என்றார். பிறகு கூட்டை வீட்டு முகட்டுக்கு மேலே வரும்படி உயர்த்தினார். நாலு காலில் ஒரு மூடி வைத்தார். சோளகம் அடித்தபோது புகை கொஞ்சம் குறைந்தது. காற்று மாறியதும் பழையபடி வந்துவிட்டது.

அவர் ஆறுதலாக ஒரு இடத்தில் இருந்து நான் கண்டதில்லை. தேத்தண்ணியை நடந்துகொண்டே குடிப்பார். கிண்ணத்தை எங்கே வைத்தார் என்று பிறகு நாங்கள் தேடவேண்டும். மாமரத்துக் கிளையில் ஒரு தரம் இருந்தது. பஸ்ஸில் சீற் இருந்தாலும் மிதிபலகையில்தான் நிற்பாராம். அவரிடம் எப்போதும் ஒரு சுருட்டு இருக்கும், ஆனால் குடிக்கமாட்டார். வாசலில், அடுப்புக்குப் பக்கத்தில், சுவர் மூலையில் என்று அதைப் பற்றவைத்துப் பிடித்துக்கொண்டு நின்று புகை எங்கே போகிறது என்று பார்ப்பார். பார்த்து முடிந்ததும் அணைத்துக் காதில் செருகிவிடுவார். நான் அவரை ஒரு நாளும் முறை சொல்லிக் கூப்பிட்டதில்லை. என்ன முறை என்று தெரியவில்லை. "இஞ்சை பாருங்கோ" என்றுதான் கூப்பிடுவேன்.

கோப்பாயில் ஒரு கலியாண வீட்டில் நடந்ததை எல்லாரும் சொல்லிச் சிரிப்பார்கள். அவர் சாப்பிடப் போனவர். சமையற்கொட்டிலுக்குள் புகை. சமையற்காரர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். இவர் பந்தியிலிருந்து எழும்பிப் போய்க் கொட்டிலின் பின்பக்கத்து ஓலைக் கிடுகு இரண்டை இழுத்து எடுத்துவிட்டார். அங்காலை மாப்பிள்ளையின் மாமன்மார் மூன்று பேர் போத்தலோடு குந்தியிருந்தார்கள். பந்தியில் இருந்த ஊர் முழுக்க அவர்களைப் பார்த்தது.

"டேய், கிடுகை வையடா!" என்று மூத்த மாமன் கத்தினாராம்.

"நீங்கள் குடியுங்கோ. உவங்கள் பாவம், மூச்சு விடட்டும்" என்றாராம் இவர்.

அடி விழுந்திருக்கும். சமையற்காரர்தான் கரண்டியோடு குறுக்கே வந்து நின்றாராம்.

ஏன் இப்படி என்று ஊரில் ஆளுக்கொரு கதை. மறியலில் அடைபட்டுக் கிடந்தவர் என்று சிலர், பேய் பிடித்தவர் என்று சிலர். அம்மாதான் நேரே கேட்டார். அம்மாவுக்கு அவரோடு கதைக்கப் பயமில்லை. அவர் குசினி வாசலில் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு நின்றார்.

"தோணியிலை கொப்பறா ஏத்திக்கொண்டு வந்தனாங்கள், தங்கச்சி. வழியிலை மழை. சரக்கு நனையக்கூடாதெண்டு பலகை போட்டு மூடினம். என்ரை தம்பி உள்ளுக்குப் படுத்திருந்தவன். காய்ச்சல் அவனுக்கு. நனையாமல் கிடக்கட்டும் எண்டு நினைச்சன்."

அம்மா அகப்பையைக் கீழே வைத்தார்.

"பலகையை மூடினது நான்தான். கொப்பறாவுக்குள்ளை மூச்சுக்குக் காத்து இராதெண்டு எனக்கு ஆர் சொன்னது?"

"பேந்து என்ன நடந்தது?"

"பேந்தென்ன. மழை விட்டுது. திறந்து பாத்தம்." அவர் அடுப்பைக் காட்டினார். "தங்கச்சி, உலை பொங்குது."

அதற்குப் பிறகு அவர் வந்து யன்னலைத் திறந்தால் அம்மா விளக்கைத் தானே எடுத்து மூலைக்குள் வைத்துவிடுவார்.

எங்கள் குசினியின் வடக்குச் சுவரிலும் முந்தி ஒரு யன்னல் இருந்தது. அதற்கு அங்காலை வேலி, வேலிக்கு அங்காலை பெரியப்பாவின் வளவு. ஒரு வருசம் வேலி அடைக்கும்போது நட்ட கதியால் ஒரு சாண் எங்கள் பக்கம் நகர்ந்துவிட்டது என்று ஐயாவுக்கும் அவருடைய தமையனுக்கும் சண்டை. கத்தி எடுக்கும் வரைக்கும் போனது. பிறகு நல்லது கெட்டதுக்கும் போக்குவரத்து இல்லை. அந்தக் கிழமையே ஐயா யன்னல் கதவைக் கழற்றிவிட்டுக் கல் வைத்து அடைத்தார். "உவங்கடை மூஞ்சையைப் பாத்துக்கொண்டு எங்கடை வீட்டிலை சோறு வேகக்கூடாது" என்றார். அதற்குப் பிறகுதான் குசினி புகைக்கத் தொடங்கியது. அது எங்கள் ஒருவருக்கும் விளங்கவில்லை. பெரியப்பா வீட்டார் ஏதோ செய்துவிட்டார்கள் என்றுதான் ஐயா நம்பினார். நாங்களும் நம்பினோம். அந்தப் பானை அதற்குத்தான்.

அவர் சுருட்டைப் பிடித்துக்கொண்டு குசினிக்குள் இரண்டு நாள் நடந்தார். மூன்றாம் நாள் அந்த அடைத்த இடத்துக்கு முன்னால் வந்து நின்றார்.

"கூட்டிலை பிழையில்லை, தம்பி" என்றார் ஐயாவிடம். "உள்ளுக்குக் காத்து வந்தாத்தானே புகையைத் தூக்கிக்கொண்டு மேலை போகும்? வாசலாலை வாறது அடுப்புக்கு முன்னாலை ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வந்த வழியாலை போகுது. யன்னலைத் திறவுங்கோ."

"அது யன்னல் இல்லை. சுவர்."

"சுவருக்கு ஏன் நிலை வைச்சிருக்கு?"

"நீர் கூட்டை இன்னும் ரெண்டு முழம் உயத்தும்."

"உயத்தலாம். சந்நிதிக் கோபுரம் மட்டுக்கும் உயத்தலாம். புகை இஞ்சைதான் நிக்கும்."

ஐயா வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். ஐயா கெட்டவர் இல்லை. அம்மாவுக்கு மருந்து எடுக்க எத்தனையோ இடம் கூட்டிக்கொண்டு திரிந்தவர். நாட்டுப் பரியாரி, டொக்டர், கோயில், நேர்த்தி எல்லாம் செய்தவர். அந்தக் கல்லில் மட்டும் கை வைக்கமாட்டார்.

இனி நான் எழுதப்போவதை ஐயாவைத் தவிர ஒருவருக்கும் சொன்னதில்லை.

பங்குனி மாதம், கச்சான் காற்று. கூட்டின் மூடி ஆடுகிறது என்று அவர் பார்க்க வந்திருந்தார். ஐயா தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போய்விட்டார். அம்மா குசினிப் படியில் இருந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்கு இழுத்தார். உதடு நாவற்பழம் தின்றது போல் இருந்தது. உள்ளே புகை இடுப்பளவுக்கு நின்றது. அவர் ஏணியிலிருந்து இறங்கி வந்து அம்மாவைப் பார்த்தார். அங்கும் இங்கும் நடந்தார். கதவை ஆட்டினார். அது ஏற்கெனவே முழுக்கத் திறந்துதான் கிடந்தது.

நான் போய்க் கல் பெயர்க்கிற இரும்பு அலவாங்கை எடுத்து வந்து அவரிடம் நீட்டினேன்.

"ஐயா வர மத்தியானமாகும். உந்தக் கல்லை உடைச்சு விடுங்கோ."

அவர் வாங்கவில்லை. திறக்கக் கூடியதைத்தான் அவர் கேட்காமல் திறப்பார். இன்னொருவரின் சுவரை உடைக்கிறவர் இல்லை.

"உங்களைக் கும்பிடுறன். உடையுங்கோ" என்று நான் அழுதேன்.

"வேண்டாம் மோனை" என்று அம்மா கையை ஆட்டினார். அவர் அந்தக் கையில் நீலம் பாய்ந்த நகங்களைப் பார்த்துவிட்டு அலவாங்கை வாங்கினார்.

இரண்டு கல் விழுந்ததும் புகை திரும்பியது. யாரோ மேலே இருந்து சேலையை இழுப்பது போல நிலத்திலிருந்து எழும்பி அடுப்புக்கு மேலே போய்க் கூட்டுக்குள் நுழைந்தது. மிச்சக் கல்லையும் எடுத்தார். வெளிச்சம் வந்தது. சுவரெல்லாம் எவ்வளவு கறுப்பு என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

மூச்சுச் சீரானதும் அம்மா அன்றைக்கு முழுச் சமையலும் தானே செய்தார். என்னைக் கிட்ட விடவில்லை. முருங்கைக்காய்க் கறி, கீரை, மோர் மிளகாய் பொரியல். மிளகாய் பொரிக்கும்போது அவருக்கு ஒரு இருமல்கூட வரவில்லை. "இஞ்சை பார், கண்ணிலை தண்ணியில்லை" என்று முகத்தை எனக்கு நீட்டிக் காட்டினார். காத்துக்காரர் வெளியே முற்றத்தில் இங்கும் அங்கும் நடந்துகொண்டு கூட்டையே பார்த்தார்.

ஐயா வந்தார். குசினி வாசலில் நின்றார். யன்னலால் பெரியப்பாவின் கிணற்றடி தெரிந்தது.

"ஆர் உடைச்சது?"

ஐயா என்னைப் பார்த்தார்.

"அவர்தான்" என்றேன். "நான் வேண்டாமெண்டு சொன்னனான்."

அவர் முற்றத்தில் என்னிலிருந்து நாலடி தூரத்தில் நின்றார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஓம் தம்பி. நான்தான் உடைச்சனான்."

"ஆரைக் கேட்டு உடைச்சனீர்?"

"நான் ஆரைக் கேட்டுத் திறந்தனான்? ஊருக்கே தெரியுந்தானே."

"இண்டையோடை சரி. இந்தப் படலை தாண்டி நீர் இனி வரப்படாது."

அவர் சாமான்களைப் பையில் போட்டுச் சைக்கிளில் கொழுவினார். போகும்போது வேலிப் படலையை இழுத்துச் சாத்திவிட்டுப் போனார். அவர் ஒன்றைச் சாத்தி நான் கண்டது அதுதான் முதல் தரம்.

ஐயா அன்று பின்னேரமே யன்னலை அடைத்தார். கிணற்றுக் கட்டுக்கென்று வைத்திருந்த சீமெந்து முழுவதையும் அதில் கொட்டினார். நான்தான் கல் எடுத்துக் கொடுத்தேன். அம்மா பார்த்துக்கொண்டு இருந்தார். அம்மா அந்தப் பொய்யைப்பற்றி என்னிடம் ஒரு நாளும் கேட்கவில்லை. ஏசியிருக்கலாம், அடித்திருக்கலாம். தலை இழுத்து விடும்போது மட்டும் சில நேரம் சீப்பை நிறுத்திவிட்டு இருப்பார். அப்போது எனக்கு எழும்பி ஓடவேண்டும் போல இருக்கும்.

பிறகு இரண்டு வருசம். காத்துக்காரர் எங்கள் வீட்டு ஒழுங்கையால் சைக்கிளில் வருவார். எங்கள் வேலியடியில் காலை ஊன்றி நின்று கூட்டைப் பார்ப்பார். கூட்டால் புகை வராது, ஓட்டு இடுக்காலும் வாசலாலும்தான் வரும். பார்த்துவிட்டுப் போய்விடுவார். ஒரு நாள் நான் ரோட்டுக் குழாயில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வரும்போது நேரே கண்டுவிட்டார்.

"அம்மாவுக்கு எப்பிடி?"

"சுகம்" என்றேன். குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

மார்கழி மாதம் வாடைக்காற்றும் மழையுமாக இருந்தபோது அம்மா செத்துப்போனார். தொய்வு மட்டுமில்லை, இருதயமும் பழுது என்று டொக்டர் சொன்னார். ஆட்கள் எனக்கு அதை ஆறுதல் போல் திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். எனக்குக் காதில் ஏறவில்லை. செத்த வீட்டுக்குக் காத்துக்காரரும் வந்தார். படலைக்கு வெளியே மழையில் நின்றார். "உள்ளுக்கு வாங்கோ அண்ணை" என்று யாரோ கூப்பிட்டார்கள். அவர் வரவில்லை. பாடை போன பிறகு பார்த்தேன், அந்த இடத்தில் சேறு ஒரே மிதியாக இருந்தது. அங்கேயும் அவர் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு வரைக்கும் சொந்தக்காரர்கள் சோறு கொண்டு வந்தார்கள். ஒன்பதாம் நாள் நான் அடுப்பை மூட்டினேன். ஈர விறகு. புகை வந்தது. நான் நிலையைப் பிடித்துக்கொண்டு இருமினேன். அது அப்படியே அம்மா இருமுவது போல இருந்தது. உள்ளே படுத்திருந்த ஐயா சடாரென்று எழும்பி ஓடி வந்தார். வாசலில் என்னைக் கண்டார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பிப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சந்நிதி கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லி பஸ் ஏறினேன். கோயில் இருக்கிற தொண்டைமானாற்றில் கேட்டுக் கேட்டுப் போனால், அவர் பாலத்தடியில் யாரோ வலை காயப்போடுவதைக் குழப்பிக்கொண்டு நின்றார். "இப்பிடிப் போட்டா எப்பிடிக் காயும், காத்துப் படவேணுமெல்லோ" என்று அவர்களின் வலையை இழுத்து வேறு பக்கம் போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வலையை விட்டார்.

"அண்டைக்கு நான் பொய் சொன்னனான்" என்றேன். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"தெரியும் பிள்ளை. எனக்கு முன்னாலைதானே சொன்னனீ."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"அதை ஏன் பஸ் ஏறி வந்து எனக்குச் சொல்லுறாய்? கொப்பருக்குச் சொல்லு."

"ஐயா கொண்டுபோடுவார்."

"கொல்லமாட்டார்." அவர் கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் நடந்தார். நானும் பின்னால் நடந்தேன். "இப்ப ஆர் சமைக்கிறது?"

"நான்தான்."

"இருமுறனியோ?"

"இல்லை."

"பார், உதுவும் பொய்" என்றார். "நெஞ்சு இழுக்கிறது இஞ்சை கேக்குது. போ. போய்ச் சொல்லு. நான் வரமாட்டன். கொப்பர் வரப்படாதெண்டவர். அவர் வாய் திறந்து கூப்பிட்டால் வருவன்."

நான் அழுதேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. "பலகை போட்டது நான்தானெண்டு என்ரை அம்மாவுக்குச் சொல்ல எனக்கு ஒம்பது வருசம் எடுத்தது. சொல்லேக்கை அவவுக்குக் காது கேளாது" என்றார். சொல்லிவிட்டு வலைக்காரரிடம் போய்விட்டார்.

அடுத்த நாள் காலை ஐயா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னேன். அலவாங்கு எடுத்துக் கொடுத்தது, கும்பிட்டது, பொய் சொன்னது எல்லாம். ஐயாவின் கை சோற்றுக் கோப்பைக்குள்ளேயே நின்றது.

"கொம்மாவுக்குத் தெரியுமோ?"

"ஓம். பக்கத்திலைதான் இருந்தவ."

"ரெண்டு வருசமும் தெரிஞ்சோ இருந்தவள்?"

"ஓம்."

"ஒரு சொல்லுச் சொல்லேல்லையே" என்றார் ஐயா. என்னைப்பற்றிச் சொல்லவில்லையே என்றாரா, யன்னலைத் திறக்கச் சொல்லித் தன்னைக் கேட்கவில்லையே என்றாரா, தெரியவில்லை. கேட்டிருந்தால் ஐயா திறந்திருப்பாரா என்றும் எனக்குத் தெரியாது. கை கழுவினார். சைக்கிளை எடுத்தார். தோட்டத்துக்குப் போகிறார் என்று நினைத்தேன்.

பின்னேரம் இரண்டு சைக்கிள் வந்தது. ஐயா இறங்கிப் படலையைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். "வாங்கோ அண்ணை" என்றார். அதற்கு முந்தி ஐயா அவரை அண்ணை என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

காத்துக்காரர் நேரே குசினிக்குப் போனார். வழியில் ஒரு கதவையும் தொடவில்லை. வடக்குச் சுவருக்கு முன்னால் நின்று என்னிடம் அடுப்பை மூட்டச் சொன்னார். மூட்டினேன். புகை எழும்பி, கூட்டுக்குப் போகாமல் எங்கள் மூன்று பேரையும் சுற்றியது. அவர் அலவாங்கைக் கையில் எடுத்தார். எடுத்துவிட்டு ஐயாவின் பக்கம் திரும்பினார்.

"உடைக்கட்டோ, தம்பி?" என்று கேட்டார்.

ஐயா வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. புகையா, அழுகையா, கண்ணால் வழிந்தது. கேட்டவர் காத்துக்கொண்டு நின்றார். ஒரு இடத்தில், அசையாமல், அலவாங்கை நிலத்தில் ஊன்றிக்கொண்டு நின்றார். ஐயா சொல்லும் வரைக்கும் நிற்பார் என்று எனக்குத் தெரிந்தது. ஐயாவால் சொல்ல முடியாது என்றும் தெரிந்தது.

நான் போய் அவர் கையிலிருந்து அதை வாங்கினேன்.

"உடைக்கச் சொன்னது நான்தானே, ஐயா" என்றேன். "நான் உடைக்கிறன்."

ஐயா தலையை ஆட்டினார்.

சீமெந்து இரண்டாம் தரம் தடிப்பாகப் போட்டிருந்தது. எனக்கு முந்திப் பழக்கமும் இல்லை, கை இரண்டும் கொப்புளித்தது. என்றாலும் அரை மணித்தியாலம்கூட எடுக்கவில்லை.